புரட்டிப் பார்த்தாலே தெரியுமாம்

நேற்றுவரை வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். சனிக்கிழமை விழாவுக்குப் போனவர்களுக்கும், அந்த நாற்பது விநாடி வீடியோவை வட்ஸ்அப்பில் பார்த்தவர்களுக்கும் நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று தெரியும். தெரியாதவர்கள் தயவுசெய்து இன்பொக்ஸில் வந்து பெயர் கேட்க வேண்டாம், சொல்லமாட்டேன். மட்டக்களப்பு சின்ன ஊர். கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்று தும்மினால் அந்தப் பக்கத்தில் கொத்தமல்லி அவிப்பார்கள்.

கவிதைத் தொகுப்புக்கான விருது அது. நடுவர் குழு சார்பில் பேச வந்த சேர் மைக்கைப் பிடித்துச் சொன்னார்: "வந்த தொகுப்பு எல்லாத்தையும் வரிக்கு வரி வாசிக்க நேரம் எங்க? ஆனா இத்தனை வருச அனுபவத்தில, புரட்டிப் பார்த்தாலே தெரிஞ்சிடும்." மண்டபம் சிரித்தது. பின்வரிசையில் கைதட்டல்கூட வந்தது.

எனக்கு வந்த கோபத்தில் பாதிதான் அவர்மேல். மீதி என்மேல். மூன்றாம் வரிசையில் இருந்த நானும் சிரித்திருக்கிறேன். வீடியோவில் என் பின்தலை தெரிகிறது, தோள் குலுங்குகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதையே பிடித்துத் தொங்குவீர்கள். விருது வாங்கிய தங்கைக்கு என் முழு மனது வாழ்த்து. அவளுடைய தொகுப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை இரண்டு தரம் வாசித்திருக்கிறேன். நல்ல தொகுப்பு. நான் நடுவராக இருந்திருந்தாலும் அவளுக்குத்தான் கொடுத்திருப்பேனோ என்னவோ. அந்தப் பகிடியில் முதலில் அடிபட்டவளும் அவள்தான். இனி அந்தக் கேடயத்தைப் பார்க்கிற நேரமெல்லாம், புரட்டும்போது எந்தப் பக்கம் திறந்துகொண்டதோ என்று யோசிக்கமாட்டாளா?

யாருக்குக் கொடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. வாசித்தீர்களா என்று கேட்கிறேன். அவ்வளவுதான் என் கேள்வி.

தனிக்கவிதை என்றாலாவது நின்ற நிலையில் ஒரு பார்வை பார்க்கலாம். தொகுப்பு அப்படி இல்லை. எதை முதலில் வைப்பது, எதற்குப் பக்கத்தில் எதை விடுவது, மனதுக்குப் பிடித்திருந்தும் எதைத் தூக்கிப் போடுவது என்று எழுதியவர் மாதக்கணக்கில் மண்டையை உடைத்திருப்பார். நான் தாள்களை வீட்டுத் தரையில் பரப்பிவைத்துவிட்டு, பறந்துவிடுமே என்று மின்விசிறியைப் போடாமல், சித்திரை மாத வெக்கையில் வேர்க்க வேர்க்க இருந்திருக்கிறேன். அந்த வேர்வையை எப்படிப் புரட்டிப் பார்ப்பீர்கள்?

நேற்று இதைச் சுருக்கமாகப் போட்டதற்கு ஒரு அண்ணன் கொமெண்டில் வந்தார். "தங்கச்சி, இது மட்டக்களப்பு. ரி. எஸ். எலியட் விருது இல்ல." அதற்குப் பதின்மூன்று சிரிப்புப் பொம்மை.

சரி அண்ணா, நீங்கள்தான் இழுத்தீர்கள். அதையே பேசுவோம்.

ஆங்கிலக் கவிஞர் எலியட்டும் சில நண்பர்களும் 1953இல் ஒரு கவிதை நூல் சங்கம் தொடங்கினார்கள். அந்தச் சங்கம் தன் நாற்பதாவது ஆண்டில், 1993இல், இந்த விருதை ஏற்படுத்தியது. பிரிட்டனிலோ அயர்லாந்திலோ அந்த ஆண்டு ஆங்கிலத்தில் வெளிவந்த சிறந்த புதிய கவிதைத் தொகுப்புக்குக் கொடுக்கிறார்கள். இப்போது பரிசு 25,000 பவுண். எல்லோரும் இந்த எண்ணைப் பார்த்துத்தான் வாயைப் பிளக்கிறார்கள். எனக்குக் காசு முக்கியமில்லை. (பொய். முக்கியம்தான். ஆனால் இந்தப் பதிவுக்கு முக்கியமில்லை.) நீங்கள் பார்க்க வேண்டியது அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பதை. இருநூறுக்குக் கிட்டத் தொகுப்புகள் வருகின்றன. கவிஞர்களே மூன்று பேர் நடுவர்களாக இருந்து வாசிக்கிறார்கள். பத்துத் தொகுப்புகளின் பட்டியலை உலகமறிய வெளியிடுகிறார்கள். முடிவு சொல்வதற்கு முதல் நாள் இரவு அந்தப் பத்துப் பேரும் லண்டனில் றோயல் ஃபெஸ்டிவல் ஹோல் மேடையில் ஏறித் தங்கள் கவிதைகளை வாசிக்கிறார்கள். சனம் டிக்கெட் எடுத்து வந்து கேட்கிறது. பரிசு ஒருவருக்கு, ஆனால் பட்டியலுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் 1,500 பவுண் உண்டு.

2019ஆம் ஆண்டுப் பட்டியலில் வித்யன் ரவீந்திரன் இருந்தார். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு லீட்ஸில் பிறந்தவர். பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை, ரொஜர் றொபின்சனுக்குப் போனது. ஆனாலும் அவருடைய தொகுப்பு அந்தப் பத்தில் ஒன்று என்று இங்கே வாவிக்கரையில் இருக்கிற எனக்குத் தெரிகிறது. போன சனிக்கிழமை எங்கள் ஊர் விருதுக்கு வந்த மற்றத் தொகுப்புகள் எவை? அதே மண்டபத்தில், மூன்றாம் வரிசையில் இருந்தும் எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? எழுதியவர்களுக்காவது தெரியுமா, தங்கள் புத்தகம் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது என்று?

"அவங்களிட்ட காசு இருக்கு" என்பார்கள். இருக்கிறது. எலியட்டின் மனைவி வலெரிதான் பரிசுக் காசைக் கொடுத்துவந்தார், பிறகு எலியட் பெயரிலான அறக்கட்டளை பொறுப்பெடுத்தது. அந்த வீட்டுக்குக் காசு கொட்டியது எதனால் தெரியுமா? பூனைகளைப் பற்றி அவர் 1939இல் விளையாட்டாக வெளியிட்ட பாட்டுப் புத்தகம் ஒன்றை 1981இல் லண்டனில் இசை நாடகமாகப் போட்டார்கள். அது உலகமெல்லாம் ஓடியது. கவிதைக்குப் பூனை சோறு போட்டிருக்கிறது என்றும் சொல்லலாம். நல்லது. ஆனால் பத்துப் புத்தகத்தின் பெயரை எழுதி முகநூலில் போட எத்தனை பூனை வேண்டும்?

"அங்கேயும் அரசியல்தானே" என்று இன்னொருவர். ஆம், இருக்கிறது. உங்களுக்கு வசதியாக நானே எடுத்துத் தருகிறேன்: முதல் எட்டு ஆண்டும் ஆண்களுக்கே கொடுத்தார்கள். ஆன் கார்சன் என்ற முதல் பெண்ணுக்கு 2001இல்தான் கிடைத்தது. 2011இல் ஒரு முதலீட்டு நிறுவனம் அனுசரணை கொடுக்கிறது என்பதற்காக அலிஸ் ஒஸ்வால்ட், ஜோன் கின்செல்லா என்று இரண்டு கவிஞர்கள் பட்டியலிலிருந்து தங்கள் தொகுப்புகளை விலக்கிக்கொண்டார்கள். பட்டியல் ஒன்று இருந்தபடியால்தானே விலக முடிந்தது? இங்கே ஒருவருக்குக் கோபம் வந்தால் எதிலிருந்து விலகுவது? பொன்னாடையிலிருந்தா?

இப்போது நியாயமான ஒரு பேச்சு. "நடுவர்மார் ஒரு சதமும் வாங்காமல் செய்கிறார்கள். பஸ் காசுகூடக் கைக்காசு. சேருக்கு வயதாகிவிட்டது, கண்ணும் சரியில்லை." இது உண்மை. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒரு மாதத்தில் முப்பது தொகுப்பு வாசி என்று என்னிடம் தந்தால், வேலைக்கும் போய், பிள்ளையின் ரியூசனுக்கும் அலைந்துகொண்டு நானும் திணறுவேன். ஆனால் முடியாவிட்டால் முடியாது என்று புத்தகக் கட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். மேடையில் ஏறி அதைப் பகிடியாக்கியிருக்கமாட்டேன்.

இதை எழுதக் கை கூசுகிறது. சேரிடம் உயர்தர வகுப்பில் தமிழ் படித்தவள் நான். செய்யுளை வாசிக்காமல் நோட்ஸைப் பாடமாக்கிக்கொண்டு வந்து விடை எழுதினேன் என்று என் கொப்பியை யன்னலால் வெளியே எறிந்தவர் அவர். மழைநாள். ஓடிப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். "வாசிக்காம வாய் திறக்கக் கூடாது, புள்ள" என்றார். இருபத்தைந்து வருடமாக அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். சேர், அன்றைக்கு அந்த நோட்ஸை நானும் புரட்டித்தான் பார்த்தேன்.

எங்கள் அம்மப்பாவின் தம்பி, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கூத்துக்குக் கொப்பி பார்த்தவர். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: களரியில், அதாவது கூத்து மேடையில், கூத்துப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார், ஆட்டக்காரர் சுற்றி ஆடுவார்கள், பின்னால் ஒருவர் கொப்பியை விரித்துக்கொண்டு வரியைப் பார்த்தபடி நிற்பார். இரவு தொடங்கினால் விடியும்வரை. யாராவது அரைவரியை விட்டால் உடனே எடுத்துக் கொடுக்க வேண்டும். பெற்றோல்மக்ஸ் வெளிச்சம், பூச்சி, பனி, நித்திரைக் கண். அவருக்கு முழுக் கூத்தும் பாடம். அப்படியிருந்தும் ஒருநாளும் கொப்பியிலிருந்து கண்ணை எடுத்ததில்லையாம். ஏன் என்று சின்ன வயதில் கேட்டேன். "நான் கண்ணெடுக்கிற நேரம் பார்த்துத்தான் அவன் தவறவிடுவான்" என்றார். அவருக்கும் யாரும் ஒரு சதம் கொடுத்ததில்லை. தேத்தண்ணி மட்டும்தான்.

இனி எல்லோரும் மனதுக்குள் வைத்துக்கொண்டிருக்கிற கடைசிக் கேள்வி. "உனக்குக் கிடைக்காத கடுப்புத்தானே?"

ஆமாம். கடுப்புத்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

2016இல் சீட்டுக் காசை எடுத்து என் முதல் தொகுப்பைப் போட்டேன். எண்பது பக்கம், முந்நூறு பிரதி. வேறொரு அமைப்பு, வேறு நடுவர்கள். மூன்று பிரதியும் கிராம சேவகரின் கையெழுத்துக் கடிதமும் கேட்டார்கள், கொடுத்தேன். பரிசு கிடைக்கவில்லை. ஆறுதலுக்கு ஒரு கடிதம் வந்தது: தலைப்புக் கவிதை நெஞ்சை உருக்குகிறது, தொகுப்பின் ஓட்டம் தங்குதடையின்றிச் செல்கிறது, தொடர்ந்து எழுதுக. அந்தக் கடிதத்தைச் சட்டம் போடாத குறை. அம்மாவுக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினேன். பிரதிகளை வந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். எடுத்துவந்து அலுமாரியில் வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்துத் திருக்கோவிலிலிருந்து ஒரு போன். ஓய்வுபெற்ற தபாலதிபர். மகள் வாங்கிக் கொடுத்தாராம். "பிள்ள, 48ஆம் பக்கத்துக்குப் பிறகு திரும்பவும் 33 வருகுது. 49 எங்க?" எனக்கு விளங்கவில்லை. என் பிரதியைப் பார்த்தேன், சரியாக இருந்தது. பிறகு ஏதோ தோன்றி அலுமாரியில் இருந்த அந்த மூன்றையும் எடுத்தேன். மூன்றிலும் அதே பிழை. கட்டும்போது பதினாறு பக்கம் இரண்டு தரம் சேர்ந்து, அடுத்த பதினாறு விடுபட்டிருக்கிறது. அச்சகத்தில் விழுந்த பிழை, நான் கவனிக்காமல் அனுப்பியது என் பிழை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தலைப்புக் கவிதை 53ஆம் பக்கம். நெஞ்சை உருக்கிய கவிதை அந்த மூன்று புத்தகத்திலும் இல்லவே இல்லை. 48க்குப் பிறகு 33 வருகிற புத்தகத்தில் ஓட்டம் தங்குதடையின்றிப் போயிருக்கிறது!

இதை ஒன்பது வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம். ஏமாற்றியது அவர்கள், வெட்கம் எனக்கு. சனிக்கிழமை மண்டபம் சிரித்தபோது என் தோள் குலுங்கியதே, அது சிரிப்புத்தானா என்று இப்போது எனக்கே சந்தேகம்.

இன்னொன்றைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. சனிக்கிழமை மூன்று மணித்தியாலம் விழா நடந்தது. மங்கல விளக்கு, தலைமையுரை, வாழ்த்துரை, பிரதம அதிதி முப்பத்தைந்து நிமிடம். பொன்னாடைகளை எண்ணினேன், பதினேழு. கவிதைக்கு விருது கொடுக்கிற விழாவில் ஒரு கவிதைகூட வாசிக்கப்படவில்லை. ஒரு கவிதை. தங்கை மேடைக்குப் போகும்போது கையில் புத்தகம் வைத்திருந்தாள், நடுவில் ஒரு துண்டுக் கடதாசி அடையாளம். வாசிக்கச் சொல்வார்கள் என்று நம்பி வந்திருக்கிறாள். கேடயத்தைக் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள், இறங்கச் சொன்னார்கள். வடை கொடுக்கிற இடத்தில் அவளைப் பார்த்தபோதும் அந்தக் கடதாசி அப்படியே இருந்தது. எந்தக் கவிதை என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

திருக்கோவில் ஐயாவுக்கு விடுபட்ட பக்கங்களைப் போட்டோக்கொப்பி எடுத்துத் தபாலில் அனுப்பினேன். நல்ல பிரதி ஒன்று அனுப்புகிறேன் என்றதற்கு, "வேணாம், இதில கொஞ்சம் குறிச்சு வைச்சிருக்கன்" என்றார். அடுத்த வருடம் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குப் போன நேரம் அவர் வீட்டுக்கும் போனேன். புத்தகத்தை எடுத்துக் காட்டினார். போட்டோக்கொப்பித் தாள்களை அளவாக வெட்டிப் பசை போட்டு ஒட்டியிருந்தார். இரண்டாம் தரம் வந்த 33இலிருந்து 48வரை, குறுக்கே வரக்கூடாது என்று நூலால் கட்டி வைத்திருந்தார். ஒட்டிய 53ஆம் பக்கத்தில், மூன்றாவது வரியில், பென்சிலால் சின்னதாக ஒரு "ப்" போட்டிருந்தது. நான் விட்ட ஒற்று.