திருத்தமும் அதே குழுவுக்குப் போக வேண்டும்

பொய்ச் செய்தி பரவுவதற்குச் சமூக ஊடகச் செயலிகளே காரணம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது பாதி உண்மைதான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் உலவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்து, 2018இல் சயன்ஸ் இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். மெய்யைவிடப் பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். அதிலும் அரசியல் பொய்களே மிக வேகமாக ஓடின. தானியங்கிக் கணக்குகளை நீக்கிவிட்டுப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை. பரப்பியவர்கள் மனிதர்கள், அதாவது நாம்.

நானும் அதைச் செய்திருக்கிறேன். எனக்குப் பிடிக்காத கட்சியின் கூட்டத்தில் வன்முறை என்று ஒரு படம் வந்தது. யோசிக்காமல் உறவினர் குழுவுக்கு அனுப்பினேன். அது வேறொரு நாட்டில் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த படம் என்பது மறுநாள்தான் தெரிந்தது. என் கட்சியைப் பற்றி வந்திருந்தால் கட்டாயம் சோதித்திருப்பேன். இதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

படத்தை ஓசையின்றி நீக்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் பார்த்தவர்கள் நம்பியது நம்பியபடியே இருக்குமே! "நான் அனுப்பியது பொய், மன்னியுங்கள்" என்று அதே குழுவில் எழுதினேன். பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. அந்தக் கட்சியைச் சேர்ந்த என் சித்தப்பா மட்டும் அன்றிரவு தொலைபேசியில் அழைத்தார். நெடுநாளைக்குப் பிறகு அரசியலைச் சண்டையில்லாமல் பேசினோம்.