ஜோக்கரின் முகப்பூச்சு சுத்தமாக இருந்தால் அந்தச் சிலை தேறவில்லை

2008இல் வெளிவந்த 'தி டார்க் நைட்' என்ற பேட்மேன் படத்தில் நடிகர் ஹீத் லெட்ஜர் ஏற்ற ஜோக்கர் என்ற வில்லன் பாத்திரத்துக்கு, கைக்கடக்கமான சிறிய பிசின் (ரெசின்) சிலைகள் முதல், குவீன் ஸ்டுடியோஸ், இன்ஃபினிட்டி ஸ்டுடியோ போன்ற சீன நிறுவனங்கள் சிலிகான் தோலோடும் ஒவ்வொன்றாக நட்ட தலைமுடியோடும் செய்த நிஜ அளவுச் சிலைகள் வரை, எத்தனையோ மார்பளவுச் சிலைகள் வந்துவிட்டன. இவற்றை வாங்குபவர்கள் பெரும்பாலும் இரண்டே கேள்விகள் கேட்கிறார்கள்: லெட்ஜரைப் போலவே இருக்கிறதா, மொத்தம் எத்தனை பிரதிகள்? இரண்டாவது கேள்விக்கும் தரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மோசமான சிலையை முந்நூறு பிரதிகளோடு நிறுத்திக்கொண்டால் மோசமான சிலைகள் முந்நூறு இருக்கும், அவ்வளவுதான். முதல் கேள்வி நியாயமானது. ஆனாலும் இந்தக் குறிப்பிட்ட பாத்திரத்தில் அதற்கு முன்பாகப் பார்க்க வேண்டியது ஒப்பனையைத்தான் என்பது என் கருத்து.

ஏனென்றால் நாம் திரையில் பார்த்த அந்த முகம் மூன்று அடுக்குகளால் ஆனது. அடியில் லெட்ஜரின் முகம். அதன்மேல் கோனர் ஓ'சல்லிவன் சிலிகானில் உருவாக்கிய தழும்புகள். எல்லாவற்றுக்கும் மேலாக ஜான் காலியோன் ஜூனியர் தீட்டிய வண்ணம். இந்த ஒப்பனைக்காக இருவரும் 2009 ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றார்கள். லெட்ஜரை நெற்றியைச் சுருக்கவும் முகத்தைக் கோணவும் செய்து, அந்த நிலையிலேயே காலியோன் வெள்ளையைப் பூசினார். முகம் தளர்ந்ததும் மடிப்புகளுக்குள் ஒளிந்திருந்த தோல், வெள்ளை படாத கோடுகளாக வெளியே தெரிந்தது. ஆக, அந்த நெற்றியில் இருக்கும் விரிசல்கள் யாரோ வரைந்தவை அல்ல. அந்த முகத்தின் தசைகளே போட்டுக்கொண்டவை.

இதைப் புரிந்துகொள்ளாத சிலையில் என்ன நடக்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். முகம் முழுவதும் ஏர்பிரஷ் என்ற வண்ணத் தெளிப்பான் கொண்டு சீராக வெள்ளை அடித்துவிட்டு, அதன்மேல் பழுப்பு நிறத்தில் கோடுகளை இழுத்திருப்பார்கள். சுண்ணாம்பு அடித்த சுவரில் விழுந்த விரிசலைப் போலத்தான் அது இருக்கும். செதுக்கிய மடிப்பு ஓரிடத்தில் ஓட, வண்ணக் கோடு அதற்கு அரை விரற்கடை தள்ளி ஓடும். புருவங்களுக்கு நடுவே நிற்கும் செங்குத்து மடிப்புகளையும், வெளிப்புறக் கண்ணோரங்களையும் பாருங்கள். பிசகு முதலில் அங்கேதான் அகப்படும். கண்ணைச் சுற்றியுள்ள கறுப்பும் அப்படித்தான். படத்தில் அது வெள்ளையோடு கலந்து, ஓரங்களில் அழுக்குச் சாம்பலாகக் கசிந்திருக்கிறது. பல சிலைகளிலோ காம்பஸ் வைத்து வரைந்ததுபோல வட்டமாக, விளிம்பு சுத்தமாக இருக்கிறது. தொழிற்சாலையில் வண்ணம் தீட்டுபவருக்கு விளிம்பைச் சுத்தமாக வைப்பதுதான் பயிற்சி. இந்த ஒரு முகத்தில் அந்தப் பயிற்சியே எதிரியாகிவிடுகிறது.

அடுத்தது தழும்புகள். வாயின் இரண்டு பக்கத்துத் தழும்புகளும் ஒன்றுபோல இருக்கவில்லை. கீழுதட்டிலும் தனியாக ஒரு தழும்பு உண்டு, அதை விட்டுவிடும் சிலைகளும் இருக்கின்றன. கணினியில் செதுக்குபவர்கள் ஒரு பாதியைச் செய்தால் மறுபாதி தானாக வரும் வசதியோடு வேலையைத் தொடங்குவது வழக்கம். அதை எப்போது நிறுத்தினார்கள் என்பதில்தான் சிற்பியின் கண் தெரிகிறது. எளிய சோதனை ஒன்று உண்டு. சிலையின் நேர்முகப் படத்தைக் கைப்பேசியில் இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். திருப்பிய பிறகும் பெரிய வித்தியாசம் தெரியவில்லையென்றால், அது ஜோக்கரின் முகம் அல்ல.

எந்தக் காட்சியின் ஜோக்கர் என்பதும் முக்கியம். வங்கிக் கொள்ளையின் முடிவில் முகமூடியைக் கழற்றும்போது பூச்சு ஓரளவு முழுமையாக இருக்கிறது. காவல் நிலைய விசாரணை அறைக்கு வரும்போது வெள்ளை பல இடங்களில் தேய்ந்து, தோல் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. நல்ல சிற்பி ஒரு காட்சியைத் தேர்ந்தெடுத்து அதற்கு விசுவாசமாக இருப்பார். வங்கிக் காட்சி, பெரிய ஃபிலிமில் நுணுக்கமாகப் பதிவுசெய்யும் ஐமாக்ஸ் கேமராவில் எடுக்கப்பட்டதால் நுணுக்கம் தேடுபவருக்கு அதுவே நல்ல ஆதாரம் என்று நினைக்கிறேன். நெற்றியை ஒரு காட்சியிலிருந்தும் கன்னத்தை வேறொரு காட்சியிலிருந்தும் எடுத்து ஒட்டிய சிலைகள், ஏன் சரியில்லை என்று சொல்லத் தெரியாத ஓர் உறுத்தலைத் தருகின்றன.

இனி முகச்சாயல். லெட்ஜர் 2008 ஜனவரியில், படம் வெளிவருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஆகவே பின்னாளில் வந்த சிற்பி யாரும் அவரை எதிரில் உட்காரவைத்து அளவெடுத்திருக்க முடியாது. நிழற்படங்களையும் படச் சட்டகங்களையும் நம்பித்தான் செதுக்க வேண்டும். அருகிலிருந்து அகன்ற லென்ஸில் எடுத்த படத்தில் மூக்கு பெரிதாகி, காதுகள் பின்வாங்கிவிடும். அதை அப்படியே நம்பிய சிலை நேர்முகமாகப் பார்க்கையில் ஏமாற்றிவிடும், முக்கால் பக்கம் திருப்பினால் வேறு ஆளாகிவிடும். அதனால் நேர்முகப் படத்தை மட்டும் வெளியிடும் விற்பனையாளரிடம் பக்கவாட்டுப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். கண்களில் விழி வெண்மை பளிச்சென்று இருக்கக்கூடாது. கீழிமை ஓரத்தில் மெல்லிய ஈரக்கோடு இருக்க வேண்டும். இரண்டு விழிகளும் ஒரே புள்ளியைப் பார்க்க வேண்டும். கண் தவறினால் மற்றதெல்லாம் வீண்.

மூலப்பொருளைப் பற்றி நீண்ட சண்டைகள் நடக்கின்றன; எனக்கு அதில் அவ்வளவு ஆர்வம் இல்லை. சிலிகான் ஒளியைச் சற்று உள்வாங்குவதால் தோல் உயிரோடு தெரியும், ஆனால் தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கல்பொடி கலந்த பிசினான பாலிஸ்டோன் நுணுக்கத்தைத் தாங்கும், கீழே விழுந்தால் உடையும். நிறத்தைப் பொறுத்தவரை செதுக்கி வண்ணம் தீட்டிய முடியைவிட நட்ட முடி கண்டிப்பாக வெல்கிறது, ஏனெனில் ஜோக்கரின் முடி முழுப் பச்சை அல்ல. சாயம் வெளுத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு, அடியில் பழைய நிறம் தெரியும் முடி. ஆடையில் மட்டும் ஓர் எச்சரிக்கை: நிஜ அளவுச் சிலைக்கு உண்மையான துணி பொருந்தும். மூன்றில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்கு அளவுகளில் துணியின் நெசவு முகத்தின் அளவுக்கு ஒவ்வாமல் முரடாகத் தெரிவதால், அங்கே கோட் உடையையும் செதுக்கிவிடுவதே மேல்.

இவை எல்லாவற்றையும் விளம்பரப் படத்தை வைத்து முடிவுசெய்ய முடியாது. அந்தப் படத்தில் இருப்பது தேர்ந்த கலைஞர் ஒருவர் நேரமெடுத்துத் தீட்டிய மாதிரி. வீட்டுக்கு வருவது பலர் கைமாறித் தீட்டிய பிரதி. முன்பதிவுத் தள்ளுபடியை இழந்தாலும் பரவாயில்லை என்று, வாங்கியவர்கள் சாதாரண விளக்கொளியில் எடுத்த படங்கள் வரும்வரை காத்திருப்பதே என் வழக்கம். சிலை கைக்கு வந்த பிறகு அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிடாதீர்கள். இந்த முகத்தைப் பெரும்பாலான சிற்பிகள் தாடையைத் தாழ்த்தி, புருவத்துக்கு அடியிலிருந்து நிமிர்ந்து பார்ப்பதாகத்தான் செதுக்குகிறார்கள். கண்மட்டத்துக்கு மேலே வைத்தால் அந்தப் பார்வை உங்கள் தலைக்கு மேலே போய்விடும்.