பதினாறாவது இலக்கத்தை விழுங்கும் எக்செல்

9007199254740993. இந்தப் பதினாறு இலக்கத்தையும் எக்செல் கட்டத்தில் அடித்து என்டர் தட்டிப் பாருங்கள். ஃபார்முலா பட்டையில் 9007199254740990 என்று நிற்கும். ஒரு எச்சரிக்கை உண்டா? கிடையாது. 3-ஐக் கமுக்கமாக விழுங்கிவிட்டு 0-வை உட்கார வைத்திருக்கும். பதினைந்துக்கு மேல் எத்தனை இலக்கம் இருந்தாலும் அத்தனையும் பூஜ்யம்தான்.

"இவ்வளவு பெரிய எண்ணில் ஒரு 3 போனால் என்ன குடிமுழுகிவிடும்?" என்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் பற்றிக்கொண்டு வருகிறது. தோராயமாக எடுத்துக்கொள்ள இது என்ன நிலத்தின் பரப்பளவா? முழு எண் ஐயா, முழு எண்! அசல் எண் ஒற்றைப்படை: 3 × 107 × 28059810762433. எக்செல் வைத்திருப்பது 10-ஆல் வகுபடும், 107-ஆல் வகுபடாது. 3-ஆல் மட்டும் சோதித்தால் இரண்டுமே தேறிவிடும், அதனால் தவறு கண்ணிலும் படாது. அதே எண்ணை ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் கொடுத்தால் 992-இல் முடியும். அது 2-ஐ 53 தடவை பெருக்கி வருவது. அதற்கு 2-ஐத் தவிர வேறு பகாக் காரணியே இல்லை!

ஜாவாஸ்கிரிப்டுக்காவது ஒரு நியாயம் உண்டு. அது எண்ணைச் சேமிப்பது 64 பிட்டில், அதாவது 64 இரும இலக்கத்தில். அதில் கூட்டல்-கழித்தல் குறிக்கு 1, அடுக்குக்கு 11 போக, எண்ணின் இலக்கங்களுக்கு மீதி 52. எழுதாமலே இருப்பதாகக் கொள்ளும் முன்னணி 1-ஐச் சேர்த்தால் 53. அந்த 2^53-ஐத் தாண்டினால் ஒற்றைப்படை எண்ணுக்கு இடமில்லை, 2^54-ஐத் தாண்டினால் 4-இன் மடங்குகள் மட்டும். 1985-இல் வந்த ஐஇஇஇ 754 என்ற தரம் இது. ஜாவாஸ்கிரிப்டில் எண்ணின் வாலில் n சேர்த்து எழுதினால் தப்பிக்கலாம். பைத்தான் என்ற இன்னொரு நிரல்மொழியில் முழு எண்ணுக்கு இந்தச் சிக்கலே இல்லை. ஆனால் அங்கேயும் வகுக்க / போட்டால் தசம எண்ணாகிவிடும், // போடுங்கள்.

எக்செலில் 16 இலக்க கார்டு எண்களை ஏற்றுபவர்கள் கவனியுங்கள். அது தின்பது லூன் சரிபார்ப்பு இலக்கத்தை, அதாவது எண்ணில் பிழை இருக்கிறதா என்று சோதிக்க உதவும் கடைசி இலக்கத்தை! சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த தரவுக் கோப்பு) இரட்டைக் கிளிக்கில் திறந்து சேமித்தால் போன இலக்கம் போனதுதான். பிறகு 'டெக்ஸ்ட்' என்று மாற்றினால் பூஜ்யம்தான் டெக்ஸ்டாகும். டேட்டா மெனு வழியாக இறக்குங்கள், ஏற்றும் முன்பே கார்டு எண் உள்ள நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்குங்கள். கையால் அடித்தால் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி. இவ்வளவும் செய்த பிறகு ஓரத்தில் ஒரு பச்சை முக்கோணம் எட்டிப்பார்த்து, "எண்ணாக மாற்றட்டுமா?" என்று கேட்கும். தொடாதீர்கள்!

அதோடும் விடாது. டெக்ஸ்டாகவே வைத்து, ஒரே எண் இருமுறை வந்திருக்கிறதா என்று கவுன்ட்இஃப் (COUNTIF) என்ற எண்ணிக்கை ஃபார்முலா போட்டால், அது தன் பாட்டுக்கு எண்ணாக்கி ஒப்பிட்டு, முதல் 15 இலக்கம் ஒத்துப்போகும் வெவ்வேறு எண்களை ஒன்றென்று சொல்லும். சம்ப்ராடக்ட் (SUMPRODUCT) ஃபார்முலாவுக்குள் நேரடியாக = போட்டு ஒப்பிட்டால் சரியான விடை வரும்.