சம்பந்தம் இல்லையென்றால் எதை அனுபவிக்க வேண்டும் அண்ணா?

சனிக்கிழமை கூட்டத்தில் நடந்ததைப் பலரும் பார்த்தீர்கள். வயதில் மூத்தவர் என்பதால் அப்போது வாயை அடக்கிக்கொண்டேன். இரண்டு இரவுகளாகத் தூக்கம் இல்லை.

இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில் ஹோண்டா கார் தொழிற்சாலை மூடியதையும், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரெக்ஸிட்டையும் பற்றிப் பேச்சு வந்தது. "ஹோண்டா மூடியதற்கும் பிரெக்ஸிட்டுக்கும் சம்பந்தமே இல்லை" என்றார் அண்ணன். அடுத்த மூச்சிலேயே, "இந்த ஊர்க்காரர்கள்தானே வெளியேற ஓட்டுப் போட்டார்கள், அனுபவிக்கட்டும்" என்றார். சம்பந்தம் இல்லையென்றால் எதை அனுபவிக்க வேண்டும் அண்ணா? சிலர் சிரித்தீர்கள். அதுதான் இன்னும் வலிக்கிறது.

ஸ்விண்டனில் ஹோண்டாவுக்குப் பாகங்கள் அனுப்பிய ஒரு நிறுவனத்தில் பதினோரு வருடம் வேலை செய்தவன் நான். சிவப்பு, வெள்ளை, மறுபடி வெள்ளை, கறுப்பு என்று பம்பர்களை வரிசை பிசகாமல் லாரியில் அடுக்குவோம். அங்கே அசெம்பிளி லைனில் கார்கள் நகர்ந்து வருகிற அதே வரிசை. ஒன்று மாறினால் போன் அலறும். ஐரோப்பாவிலிருந்து நாளொன்றுக்கு 350 லாரிகள் வருவதாகவும், லைனில் ஒரு மணி நேரத்துக்கான பாகங்களே கையிருப்பில் இருப்பதாகவும் 2017இல் நாடாளுமன்றக் குழுவிடம் ஹோண்டாவே சொன்னது. இப்படி ஓடும் தொழிலுக்கு நடுவில் சுங்கச் சோதனை வருமா வராதா என்று தெரியாமல் வருடக்கணக்கில் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கார் தொழிற்சாலையின் உயிர் அடுத்த மாடலில் இருக்கிறது. எந்த மாடலை எங்கே செய்வது என்று பல வருடம் முன்பே முடிவெடுப்பார்கள். 2016 ஜூனில் பிரெக்ஸிட் வாக்கெடுப்பு. ஐரோப்பாவுடன் வர்த்தக ஒப்பந்தம் முடிவானது 2020 டிசம்பர் 24. நாலரை வருடம், ஐரோப்பாவுக்குப் போகும் காருக்கு 10 சதவீத வரியா, வரியே இல்லையா என்று எவருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட இடத்துக்கு அடுத்த மாடலை யார் கொடுப்பார்கள்?

"ஹோண்டாவே மறுத்துவிட்டதே" என்பீர்கள். ஆம், மின்சாரக் கார் மாற்றம்தான் காரணம் என்றது. துருக்கித் தொழிற்சாலையையும் மூடியது. மூடும் அறிவிப்பு வந்த 2019 பிப்ரவரியில்தான் ஜப்பான் கார்களுக்கு ஐரோப்பா வரியைக் குறைக்கத் தொடங்கியது. எல்லாம் உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தள்ளாடும் வீட்டில் தூணையும் உருவினால், உருவியவனுக்குப் பொறுப்பே இல்லையா?

"இங்கிலாந்தின் சண்டர்லேண்டில் நிசான் கார் தொழிற்சாலை இருக்கிறதே" என்பீர்கள். இருக்கட்டும், நூறு வருடம் இருக்கட்டும். அதே 2019 பிப்ரவரியில் சண்டர்லேண்டுக்கு வருவதாக இருந்த எக்ஸ்-டிரெயில் மாடலை ஜப்பானிலேயே வைத்துக்கொண்டபோது, இந்த நிச்சயமின்மை எங்களுக்கு உதவவில்லை என்று சொன்னது அதே நிசான்தான். ஐரோப்பாவுக்கு வரியில்லாமல் போக மின்சாரக் காரின் பேட்டரி எங்கே செய்யப்பட்டிருக்க வேண்டும் என்ற விதி இன்னும் தலைக்கு மேல் தொங்குகிறது. 2024இல் இறுக வேண்டியதைக் கடைசி நேரத்தில் 2027க்குத் தள்ளினார்கள். மறுபடியும் காத்திருப்பு. 2016இல் 17 லட்சம் கார்களுக்கு மேல் செய்த நாடு 2024இல் எட்டு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. கொரோனா, சிப் தட்டுப்பாடு என்று ஆயிரம் காரணம் சொல்லுங்கள், கேட்கிறேன். சிரிக்காமல் சொல்லுங்கள்.

மறைமலைநகரில் ஃபோர்டு கார் உற்பத்தி 2022இல் நின்றபோது நம்மில் யாராவது சிரித்தோமா? "யாருக்கு ஓட்டுப் போட்டாய்" என்று அந்தத் தொழிலாளியைக் கேட்டோமா?

ஸ்விண்டனில் நூற்றுக்கு 55 பேர் வெளியேற ஓட்டுப் போட்டது உண்மை. எனக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் போட்டார். என்னிடம் மறைக்கவில்லை. நாங்கள் இரண்டு வாரம் பேசிக்கொள்ளவில்லை. அப்பா இறந்து நான் ஊருக்குப் போனபோது என் இரவு ஷிஃப்டுகளைக் கேட்காமலே எடுத்துக்கொண்டவரும் அவர்தான். 2021 ஜூலை 30, ஹோண்டாவின் கடைசி நாளன்று கேட் அருகே நின்றோம். அவர் கையுறையைக் கழற்றி மடித்து, மறுபடி விரித்து, மறுபடி மடித்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நிலத்தை வாங்கியது கிடங்கு கட்டும் நிறுவனம். அவர் இப்போது பார்சல் வேன் ஓட்டுகிறார்.

அண்ணா, அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவரை அழைத்து வருகிறேன். அனுபவிக்கட்டும் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். மொழிபெயர்க்க நான் பக்கத்தில் இருப்பேன்.