ரஞ்சி ஆட்டம் ஒன்று காவிரிக் கரைக்கு வர வேண்டும்

2012 ஜனவரியில், பொங்கல் முடிந்து சம்பா அறுவடைக்கு ஆள் பேசிவைத்திருந்த நேரத்தில், ஒரே ஒரு நாள் என்று வீட்டில் சொல்லிவிட்டு மயிலாடுதுறையிலிருந்து இரவுப் பேருந்தில் சென்னைக்குப் போனேன். சேப்பாக்கத்தில் தமிழ்நாட்டுக்கும் ராஜஸ்தானுக்கும், மாநில அணிகள் மோதும் கிரிக்கெட் போட்டியான ரஞ்சிக் கோப்பையின் இறுதியாட்டம். நான் பார்த்தது இரண்டாம் நாள். காலையில் நான் உள்ளே போனபோது ராஜஸ்தானின் தொடக்க ஆட்டக்காரர் வினீத் சக்சேனா ஆடிக்கொண்டிருந்தார். மாலையில் வெளியே வந்தபோதும் அவரேதான் ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டமிழந்தபோது 665 பந்துகளில் 257 ரன்கள் எடுத்திருந்தார். ராஜஸ்தான் 621, தமிழ்நாடு 295. ஆட்டம் முடிவு காணாமல் போனால் முதல் இன்னிங்ஸில் கூடுதல் ரன் எடுத்த அணிக்கே வெற்றி என்பதால், அந்த முன்னிலையிலேயே கோப்பை கைவிட்டுப் போயிற்று.

தோற்றது நம் அணிதான். ஆனாலும் அந்த ஒரு நாள் எனக்குக் கொடுத்ததை அதற்குப் பிறகு பார்த்த எந்த இருபது ஓவர் ஆட்டமும் கொடுக்கவில்லை. பந்து பழசாகி, சுழல் பந்துவீச்சாளர் ஒரே இடத்தில் ஓவர் ஓவராகப் போட்டுக்கொண்டே இருக்க, எதிரே நிற்பவர் எதற்கும் அவசரப்படாமல் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்கள்தான் நினைவுக்கு வந்தன. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்தில் தோடி ராகம் கேட்பதற்காக இரவெல்லாம் விழித்துக் கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். நான்கு நாள் ஆட்டத்தைப் பார்க்கப் பொறுமை இல்லாத ஊர் என்று டெல்டாவை யாரும் சொல்லிவிட முடியாது.

ரஞ்சி எங்களுக்குப் புதியதும் அல்ல, ஆனால் அது என்றைக்கும் செய்தித்தாளில் வந்த ஆட்டமாகவே இருந்துவிட்டது. 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் நடந்த முதல் ரஞ்சி ஆட்டத்தில் மெட்ராஸ் அணி மைசூரை 48, 59 ரன்களுக்குச் சுருட்டி, தான் எடுத்த 130 ரன்களை வைத்தே ஒரே நாளில் இன்னிங்ஸ் வெற்றி பெற்றது என்பதையும், ஏ.ஜி. ராம்சிங் அந்த ஆட்டத்தில் 11 விக்கெட் எடுத்தார் என்பதையும் எனக்குச் சொன்னவர் எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். 1988-இல் எஸ். வாசுதேவன் தலைமையில் தமிழ்நாடு ரயில்வே அணியை வென்று கோப்பையைத் தூக்கியபோது நான் பள்ளி மாணவன். டீக்கடைப் பெஞ்சில் முந்தைய நாள் ஸ்கோரை விரல் வைத்துப் படித்தேன். அதற்கு முன் 1954-55-இல் ஒரு முறை, அவ்வளவுதான். 1988-க்குப் பிறகு ஆறு இறுதியாட்டங்கள் வரை வந்தும் கோப்பை வரவில்லை. 2015-இல் கருண் நாயர் 328 அடித்த இறுதியாட்டத்தை நினைத்தால் இப்போதும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

என் கவலை கோப்பையைப் பற்றியது மட்டுமல்ல. எங்கள் பகுதியில் கிரிக்கெட்டுக்குக் குறைவே இல்லை. கோடையில் ஆற்று மணலிலும், அறுத்த வயலிலும், வற்றிய குளத்திலும் டென்னிஸ் பால் டோர்னமென்ட் நடக்கிறது. ஒலிபெருக்கி கட்டி, ஊர் ஊராக அணிகள் வருகின்றன. அதிலிருந்து சிலர் தையல் போட்ட தோல் பந்தான ஸ்டிச் பாலுக்கு மாறுகிறார்கள். ஆனால் அவர்கள் ஆடக் கிடைப்பது பெரும்பாலும் மேட் விக்கெட், அதாவது பாய் விரித்த ஆடுகளம். என் பக்கத்து வீட்டுப் பையன் வேகப்பந்து வீசுவான். மேட் விக்கெட்டில் அவன் பந்து மார்பளவுக்கு எழும்பும். சென்னையில் ஒரு தேர்வுக்குப் போய், களிமண்ணை இறுக்கி அமைத்த டர்ஃப் விக்கெட்டில் முதன்முறையாகப் பந்து போட்டபோது, அதே பந்து முழங்கால் உயரத்துக்கு மேல் எழவில்லை. எந்த நீளத்தில் போடுவது என்று பிடிபடுவதற்குள் அவனுக்குக் கொடுத்த ஓவர்கள் முடிந்துவிட்டன. அவனிடம் திறமை இல்லை என்று நான் ஒப்பமாட்டேன். அவனுக்குத் தரை பழக்கமில்லை, அவ்வளவே. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பாலில் தொடங்கிய நடராஜன், 2015-இல் ரஞ்சியில் ஆடி, 2021-இல் பிரிஸ்பேனில் டெஸ்ட் வரை போனது உண்மைதான். அதற்கு அவர் ஊரைவிட்டுச் சென்னைக்கு வர வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

பெற்றோரின் தயக்கத்தையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ரஞ்சியில் ஆடுபவருக்கு இன்று ஒரு நாளுக்குக் குறைந்தது 40,000 ரூபாய், நாற்பது ஆட்டங்களுக்கு மேல் ஆடியவருக்கு 60,000 ரூபாய் கிடைக்கிறது என்பது எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது. ஐபிஎல் ஏலத்தொகை மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

மாநிலக் கிரிக்கெட் சங்கம் சென்னையைத் தாண்டவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. கோவையில் ரஞ்சி நடக்கிறது. 2024 ஜனவரியில் சண்டிகருக்கு எதிராக ஜெகதீசன் 321 அடித்தது அங்கேதான். சேலத்திலும், திண்டுக்கல் பக்கம் நத்தத்திலும் நடக்கிறது. அந்த வரிசையில் திருச்சியோ தஞ்சாவூரோ ஏன் சேரக்கூடாது என்பதே என் கேள்வி. வடகிழக்குப் பருவமழையைக் காரணம் காட்டுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் எங்களுக்கு மழை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2024-25 முதல் ரஞ்சியின் லீக் சுற்றை இரண்டாகப் பிரித்து, பிற்பாதியை ஜனவரி இறுதியில் வைக்கிறார்கள். மேட்டூரை ஜனவரி 28-இல் மூடும் வழக்கமுள்ள எங்களுக்கு அதுதான் தரை காயும் காலம். பகலில் வெயில், காலையில் பனி, சுழலுக்கும் வேகத்துக்கும் ஏற்ற பருவம். டர்ஃப் விக்கெட்டுக்கு உருளை போட்டு இறுக்கும் களிமண் வேண்டும். அதற்கு எங்களிடமா பஞ்சம்? தண்ணீர் வடிவதற்கு அடியில் மணலும் சரளையும் போட்டு முறையாக அமைக்க வேண்டும், அதற்குப் பணமும் தேர்ந்த பராமரிப்பாளரும் தேவை. அதைச் செய்யக்கூடியது சங்கம் மட்டுமே.

முதலில் ஒரு மைதானத்தில் மூன்று டர்ஃப் விக்கெட்டுகள் போட்டு, மாவட்ட லீக்கை இரண்டு பருவம் அதில் நடத்தட்டும். மூன்றாம் ஆண்டு தை மாதத்தில் ஒரே ஒரு ரஞ்சி ஆட்டம், நான்கு நாள். நான்கு நாளும் நான் வருவேன், அந்தப் பையனையும் அழைத்துக்கொண்டு வருவேன்.