காயில் கட்டியவரின் மகள் எழுதுகிறேன்

போன வாரம் போட்ட வாஷிங் மெஷின் பதிவு எல்லோருக்கும் நினைவிருக்கும். அதன் கீழே வந்த அந்த ஒரு கமெண்ட்டைப் பற்றித்தான் இது. எழுதிய நண்பர் அதை நீக்கிவிட்டார். ஆனால் படிக்க வேண்டியவர்கள் படித்துவிட்டார்கள், நானும் படித்துவிட்டேன். “இந்த மாதிரி அரைகுறை ஆளுங்ககிட்டயே குடுத்துட்டிருந்தா நம்ம ஊரு எப்ப முன்னேறும்? பேசாம புதுசு வாங்கு.” மூன்று நாளாக அந்த ‘அரைகுறை’ கூடவே வருகிறது. அடுப்படியிலும் வருகிறது, கம்பெனியில் பில் சரிபார்க்கும்போதும் வருகிறது.

அந்தப் பதிவைப் பார்க்காதவர்களுக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். அம்மாவின் மெஷின், வாங்கி ஐந்து வருடம். ஒருநாள் காலையில் லைட்டே எரியவில்லை. கம்பெனி சர்வீஸிலிருந்து வந்த பையன் பத்து நிமிடம் பார்த்தான், “போர்டு போயிருச்சுங்க மேடம், இந்த மாடலுக்கு இப்ப போர்டு வர்றதில்லைங்க” என்றான். வந்து போனதற்கு ஒரு பில், கூடவே எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் நோட்டீஸ் ஒன்று. அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவன் வேலை அவ்வளவுதான் என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் அனுப்பர்பாளையத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். மெஷினை ஓட்டும் அந்த எலக்ட்ரானிக் போர்டைக் கழற்றி எடுத்துப்போய், மேலே ஊற்றியிருந்த ஜெல்லைப் பொறுமையாகச் சுரண்டி, கருகிப்போன ஒரு ஐசி சிப்பையும் ஒரு கெப்பாசிட்டரையும் மாற்றி, மறுநாள் சாயங்காலம் கொண்டுவந்து மாட்டினார். 850 ரூபாய். மெஷின் இன்று காலையிலும் ஓடியது.

இதில் அரைகுறை யார்?

ஒரு மெஷின் ஏன் நின்றது என்று கண்டுபிடித்து, நின்ற இடத்தை மட்டும் சரிசெய்து ஓடவைத்தவர் அரைகுறை. மொத்தத்தையும் தூக்கிப் போடச் சொன்னவர்கள் முன்னேற்றம். இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: காசு கொடுத்து வாங்கிய பொருள் நம்முடையது. அதைப் பிரிக்கவும், சரிசெய்யவும், நமக்கு நம்பிக்கையான ஆளிடம் கொடுக்கவும் நமக்கு உரிமை உண்டு. அந்த வேலையைச் செய்கிறவருக்கு மரியாதை உண்டு.

“ஜெல் ஊற்றுவது ஈரம் படாமல் இருக்கத்தானே?” என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. தண்ணீரிலேயே கிடக்கும் மெஷினுக்கு அது தேவைதான். பல்லி புகுந்து போர்டு போன கதைகளும் எனக்குத் தெரியும். சரி, ஜெல் ஊற்றுங்கள். ஆனால் அந்தப் போர்டு ஐந்து வருடத்தில் கிடைக்காமல் போவதற்கு ஈரம் காரணமில்லையே. மெஷின்மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். மோட்டாருக்குப் பத்து வருட வாரண்டி என்று பெரிய எழுத்தில் இருக்கும். மெஷினுக்கு இரண்டு வருடம் என்பது சின்ன எழுத்தில். மோட்டார் லேசில் போகாது என்று அவர்களுக்குத் தெரியும். போவது போர்டுதான். மோட்டார் பத்து வருடம் ஓடும் என்று எழுதிக் கொடுக்கிறவர்கள், அதை ஓட்டும் போர்டையும் பத்து வருடத்துக்குக் கடையில் வைத்திருக்க வேண்டாமா?

மோட்டார் என்றதும் என் மனம் சோமனூருக்குப் போய்விடுகிறது. அப்பாவுக்கு அங்கே வைண்டிங் கடை, எரிந்த மோட்டாருக்குக் காயில் என்கிற கம்பிச் சுருளைப் புதிதாகக் கட்டிக் கொடுக்கிற கடை. பத்துக்குப் பன்னிரண்டு அறை, முன்னால் ஒரு தகரப் பந்தல். தறிக்குடோன் மோட்டார்களும் தோட்டத்துக் கிணற்று மோட்டார்களும் வாசலில் வரிசையாகக் கிடக்கும். எரிந்த மோட்டார் வந்தால் அப்பா முதலில் அதை மோந்து பார்ப்பார். பிறகு காயிலின் ஒரு தலையை வெட்டி, கருகிய கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணுவார். எத்தனை சுற்று, எந்த கேஜ் (தடிமன்) கம்பி, கம்பி உட்காரும் பள்ளமான ஸ்லாட் எத்தனை, எந்தக் காயில் எங்கே போய் உட்காருகிறது. எல்லாம் ஒரு நீளமான நோட்டில் ஏறும். மூன்று முறை எண்ணாமல் எழுத மாட்டார். பழைய கம்பியை எடுத்து, ஸ்லாட்டைச் சுத்தம் செய்து, இன்சுலேஷன் பேப்பர் வைத்து, புதுக் காயில் இறக்கி, மூங்கில் சீவி ஆப்பு அடித்து, கனெக்‌ஷன் கொடுத்து, நூல் கட்டி, வார்னிஷ் விட்டு, இருநூறு வாட்ஸ் பல்பு வைத்துக் காயவைப்பார். எடுத்த பழைய செம்பைத் தராசில் போட்டு உடையவர் கண்முன்னாலேயே கணக்கில் கழிப்பார்.

ஒரு சித்திரை மாதம். இரவு ஒன்பது மணிக்குக் கருமத்தம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் மொபெட்டில் கிணற்று மோட்டாரைக் கட்டிக்கொண்டு வந்தார். “ஏனுங், தக்காளி பூராவும் வாடிக் கெடக்குதுங், நாளைக்குத் தண்ணி உடலீன்னா அத்தனையும் போச்சுங்” என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பா சாப்பிடாமல் ஆரம்பித்தார். நான் கம்பிச் சுருளைப் பிடித்துக்கொண்டு சுற்றை எண்ணினேன். எனக்கு அப்போது பதினொரு வயது. எப்போது தூங்கினேன் என்று தெரியாது, வார்னிஷ் வாசத்தில் விழித்தேன். விடிந்திருந்தது. அந்த மனிதர் மோட்டாரைக் கும்பிட்டுத் தூக்கிக்கொண்டு போனார். கூலியில் பாதிதான் கொடுத்தார். மீதிக்கு அடுத்த மாதம் இரண்டு கூடை தக்காளி வந்தது.

அந்த மோட்டாரைச் செய்த கம்பெனி அப்பாவுக்கு ஒரு படமும் அனுப்பவில்லை, பயிற்சியும் கொடுக்கவில்லை. ஆனால் எதையும் மூடி மறைக்கவும் இல்லை. திறந்தால் உள்ளே இருப்பது தெரிந்தது, எண்ணத் தெரிந்தவர் எண்ணிக்கொண்டார். அதனால்தான் நம் தோட்டங்களில் முப்பது வருட மோட்டார்கள் இன்றும் தண்ணீர் எடுக்கின்றன.

“மெக்கானிக்குகள் ஏமாற்றுகிறார்கள்” என்கிறீர்கள். ஆமாம், ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். என் போனுக்கே ஒரு கடையில் ஒரிஜினல் டிஸ்பிளே என்று சொல்லி டூப்ளிகேட்டை மாட்டினார்கள், இரண்டு மாதத்தில் பச்சைக் கோடு விழுந்தது. கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒரிஜினல் பாகம் அந்தக் கடைக்காரருக்குக் கிடைக்க வழி இருக்கிறதா? பல கம்பெனிகள் தங்கள் சர்வீஸ் சென்டரைத் தவிர வெளியில் எளிதில் கொடுப்பதில்லை. கொடுக்காமல் வைத்துக்கொண்டு, வெளியில் போகாதே டூப்ளிகேட் மாட்டுவான் என்று நம்மைப் பயமுறுத்துவது என்ன நியாயம்? போன் பேட்டரி விஷயத்தில் கவனம் வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் அந்த வாதத்தில் ஒன்றுமில்லை.

பெரிய கம்பெனி என்றால் எல்லாம் நேர்மை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தைக் குறைத்திருந்ததை 2017 டிசம்பரில் ஆப்பிளே ஒத்துக்கொண்டது. போன் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்கத்தான் என்று காரணம் சொன்னார்கள். காரணம் உண்மையாகவே இருக்கட்டும். அதை வாங்கியவனிடம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டாமா? போன் மெதுவானதும் எத்தனை பேர் பழசாகிவிட்டது என்று புதுசு வாங்கியிருப்பார்கள்! சொல்லாததற்காகப் பிரான்ஸில் 2020-ல் 2.5 கோடி யூரோ அபராதம் கட்டினார்கள்.

அதே பிரான்ஸில் 2021 ஜனவரியிலிருந்து போன், லேப்டாப், டிவி, முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின் போன்றவற்றின் விலைக்குப் பக்கத்திலேயே, ரிப்பேர் செய்ய எவ்வளவு எளிது என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் போட வேண்டும் என்று வைத்தார்கள். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் விவசாயிகள் தங்கள் டிராக்டரைத் தாங்களே சரிசெய்துகொள்ளத் தேவையான பாகங்களையும் சாஃப்ட்வேரையும் கம்பெனி கொடுத்தாக வேண்டும் என்று 2023-ல் சட்டம் போட்டார்கள். நம் மத்திய அரசும் 2022 ஜூலையில் இந்த ரிப்பேர் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது, அந்த டிசம்பரிலேயே ஒரு இணையதளமும் திறந்தது. விவசாயக் கருவி, போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு துறைகள் அதில் இருக்கின்றன. நல்ல ஆரம்பம், மறுக்கவில்லை. ஆனால் அம்மாவின் போர்டு அந்த இணையதளத்தில் இல்லை, அனுப்பர்பாளையத்தில்தான் இருந்தது.

இனி அந்த ‘முன்னேற்றம்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு வலி அதிகம்.

நம் ஊர் எப்படி முன்னேறியது? ஜி.டி. நாயுடு கலங்கல் கிராமத்தில் ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, கோயம்புத்தூர் ஓட்டலில் சர்வராக வேலை செய்து காசு சேர்த்து, அதை வாங்கி, வாங்கியதும் என்ன செய்தார்? பிரித்துப்போட்டார். பிரித்ததை மறுபடி மாட்டினார். படிப்பு பள்ளிக்கூடத்தோடு நின்ற மனிதர் அப்படித்தான் தொழில் கற்றுக்கொண்டார். 1937-ல் நம் நாட்டிலேயே செய்த மின்மோட்டார் கோயம்புத்தூர் பீளமேட்டிலிருந்து வந்தது. 1955-ல் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் மாட்டிப் பார்த்ததில் கிரைண்டர் பிறந்தது. இன்று கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. இதெல்லாம் பிரித்துப் பார்த்த கைகள் செய்தவை. 2025-ல் அவிநாசி ரோட்டில் பத்து கிலோமீட்டர் பாலத்துக்கு நாயுடு பெயரை வைத்தபோது அந்த நண்பரும்தான் பெருமையாகப் போட்டோ போட்டார். பாலத்தின்மேல் அவர் பெயர் இருக்கட்டும். பாலத்துக்கு அடியில் சின்னக் கடை வைத்து அதே வேலையைச் செய்கிறவரை அரைகுறை என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

“படிச்சவங்க செய்யற வேலையை அவங்ககிட்ட விடணும்” என்றும் அந்த நண்பர் எழுதியிருந்தார். என் சித்தி பேரன் ஒருவன் இருக்கிறான். சின்ன வயதிலிருந்தே ரேடியோ, ஃபேன், பழைய போன் எது கிடைத்தாலும் கழற்றுவான். பத்தாவது முடித்ததும் ஐடிஐயில் எலக்ட்ரீசியன் சேர்கிறேன் என்றான். வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. “ஐடிஐ படிச்சவனுக்கு எவன் சாமி பொண்ணு குடுப்பான்?” என்று சித்தி அழுதாள். அவள் சொன்னதும் பொய்யில்லை. நம் பக்கத்தில் மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் தோட்டம் எத்தனை ஏக்கர் என்று கேட்பார்கள், எந்த கம்பெனி என்று கேட்பார்கள், கையில் என்ன தொழில் தெரியும் என்று யாரும் கேட்பதில்லை. பிளஸ் டூவுக்கு அப்புறம் கடன் வாங்கி மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்க வைத்தார்கள். இப்போது ஒரு கஸ்டமர் கேரில் இருக்கிறான். பொருள் ஓடவில்லை என்று எழுதுகிறவர்களுக்கு, பிளக்கைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிப் பாருங்கள் என்று பதில் அனுப்புகிறான். திறந்து பார்த்தால் பத்து நிமிடத்தில் கண்டுபிடிப்பான் அவன். திறக்கச் சொல்லக் கூடாதாம். பொங்கலுக்கு வந்தபோது என்னிடம் சொன்னான், “பெரீம்மா, கை நமநமங்குது” என்று.

அப்பா கடையில் வேலை பழகியவர்கள் நான்கு பேர். இரண்டு பேர் கோயம்புத்தூரில் கடை வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் வேலை பழக இப்போது வடநாட்டுப் பையன்கள்தான் வருகிறார்கள், நன்றாகவும் செய்கிறார்கள். நம் பிள்ளைகள் வரவில்லை. ஏன் வருவார்கள்? அரைகுறை என்ற பட்டம் வாங்கவா?

அப்பாவை நினைத்து உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறேன் என்று சொல்வீர்கள். ஆமாம், அப்பாவை நினைத்துத்தான் எழுதுகிறேன். அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அவர் கட்டிய காயில்கள் இன்னும் ஓடுகின்றன. யோசித்து எழுது என்கிறவர்களுக்குச் சொல்கிறேன், மூன்று நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நண்பர் நேற்று இன்பாக்ஸில் வந்தார். “உங்க அப்பாவைச் சொல்லலை, பொதுவாத்தான் சொன்னேன், தப்பா எடுத்துக்காதே” என்றார். பொதுவாகச் சொன்னால் அதில் என் அப்பா வரமாட்டாரா? அவருக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. நாங்கள் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பஸ். அவருக்கு அந்தக் கடை தெரியும். தகரப் பந்தலுக்கு அடியில் நின்று மழைக்கு ஒதுங்கியவர்தான்.

ராத்திரி அலமாரியிலிருந்து அப்பாவின் நோட்டை எடுத்தேன். அட்டை போய்விட்டது, அம்மா துணி வைத்துத் தைத்திருக்கிறாள். அந்த நண்பர் வீட்டுத் தோட்டத்தின் பெயர் அதில் இரண்டு இடத்தில் இருக்கிறது. 1994, 1998. இரண்டும் கிணற்று மோட்டார், 5 ஹெச்.பி. சுற்றும் கேஜும் அப்பாவின் குண்டுக் கையெழுத்தில் வரிசையாக இருக்கின்றன. 98-க்கு எதிரே ‘பாக்கி 150’ என்று எழுதி, அடிக்காமல் விட்டிருக்கிறது. அந்த வருடம் அவர்கள் வீட்டில் ஒரு சாவு, அப்பா கேட்டிருக்க மாட்டார். நானும் கேட்கப் போவதில்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் இங்கே, எல்லோரும் பார்க்க, நண்பர் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.