லைன் வேகத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை

"கம்ப்யூட்டர்ல இருக்கிற படம் பிளேஸ்டேஷன் 3-ல வரலேன்னா இன்டர்நெட் லைன் ஸ்லோ, பெரிய பேக்கேஜுக்கு மாறுங்க"ன்னு மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கார். அண்ணே, அது தப்பு. சுங்கை சிப்புட்ல தோட்டத்துச் சம்பளத்துல இருக்கிற குடும்பம் இதை நம்பி மாசாமாசம் கூடுதலா கட்ட வேணாம்.

படம் கம்ப்யூட்டர்லேருந்து ரௌட்டர், அங்கேருந்து பிளேஸ்டேஷன். வீட்டை விட்டு வெளியே போறதே இல்லை. ரௌட்டரை ஓடவிட்டு, வெளியிலேருந்து வர்ற லைனை மட்டும் கழற்றிப் பாருங்க. அப்பவும் ஓடும்.

பிளேஸ்டேஷன்ல சர்வர் பேரே, அதாவது படம் இருக்கிற உங்க கம்ப்யூட்டர் பேரே, தெரியலேன்னா கம்ப்யூட்டர்ல விண்டோஸைப் பாருங்க. நெட்வொர்க் 'பப்ளிக்'ல இருந்தா, விண்டோஸோட பாதுகாப்புத் தடுப்பான ஃபயர்வால் கம்ப்யூட்டரை மறைச்சிடும். 'பிரைவேட்' ஆக்கி, படத்தை வீட்டு மெஷின்களுக்கு அனுப்புற மீடியா ஸ்ட்ரீமிங்கை ஆன் பண்ணுங்க. பிளேஸ்டேஷன்லயும் 'மீடியா சர்வர் கனெக்‌ஷன்' எனேபிள்ல இருக்கணும்.

பேர் தெரிஞ்சும் 'அன்சப்போர்ட்டட் டேட்டா'ன்னு வருதா? பெரும்பாலும் எம்கேவி ஃபைலா இருக்கும், இந்த மெஷின் அதைப் படிக்காது. எம்பி4-ஆ மாத்துங்க. உள்ளே வீடியோ எச்.264-ங்கிற சுருக்கு முறையில இருந்தா அதை மறுபடி என்கோட் பண்ணவே (சுருக்கவே) வேணாம், சில நிமிஷ வேலை.

திக்கித் திக்கி ஓடினாத்தான் வேகத்தைச் சந்தேகப்படணும், அதுவும் வீட்டு வைஃபையை. பிளேஸ்டேஷன் 3-ல உள்ளது 802.11ஜி-ங்கிற பழைய வகை வைஃபை, உச்ச வேகமே 54 எம்பிபிஎஸ் (செகண்டுக்கு 54 மெகாபிட்). கைக்கு வர்றது அதைவிட ரொம்பக் குறைச்சல். ஒரு லேன் கேபிள் இழுங்க, போதும்.